டிவியில் வந்த அண்ணனும் ஒன்பதாம் மாத ஊசியும்

1

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது லண்டன் இல்லை. கவென்ட்ரி. லண்டனிலிருந்து ரயில் பிடித்து வர வேண்டிய ஊர். தாம்பரத்துக்காரனைப் பார்த்து "நீங்க காஞ்சிபுரம்தானே?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் எனக்கும் இருக்கிறது. ஆனால் சேலையூரில் எங்கள் காலனிக்கு இங்கிலாந்து என்றாலே லண்டன்தான். எட்டு வருடமாகத் திருத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். அப்பாவே அப்படித்தான் சொல்கிறார். கேட்டால், "கவென்ட்ரின்னா அது எங்க இருக்குன்னு கேப்பாங்க, அதுக்கு ஒரு கதை சொல்லணும். லண்டன்னா அதோட முடிஞ்சுது" என்பார்.

நான் டிவியில் வந்தது இந்தக் கவென்ட்ரியில்தான். என் மகள் யாழினிக்குப் பதினொரு வயது. இங்கே ஆரம்பப் பள்ளியில் கடைசி வருடம். சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போனபோது பள்ளி வாசலில் ஒரு பெண் மைக்கோடு நின்றிருந்தாள், பக்கத்தில் கேமராக்காரன். அக்கம்பக்கத்தில் சில குழந்தைகளுக்குத் தட்டம்மை வந்திருந்த நேரம். தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்க்கச் சொல்லிப் பள்ளியிலிருந்து தகவல் வந்திருந்தது. டிவிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடலாமா கூடாதா என்று தினமும் மாலைச் செய்தியில் இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்துவிட்டார்கள்.

மற்ற பெற்றோர்கள் எல்லாம் மழைக்கு ஒதுங்குவதுபோல் நழுவிவிட்டார்கள். நம்ம ஊர்க்காரனுக்கு மைக்கைப் பார்த்தால் கால் நகராதே! நின்றேன். மாட்டிக்கொண்டேன். "இந்தத் தடுப்பூசி விவாதத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்றாள் அந்தப் பெண். எனக்கு எரிச்சல். என் மகளுக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று என்றேன். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் யாரும் பட்டிமன்றம் வைப்பதில்லை என்றேன். "நீங்கள் தினமும் ரெண்டு பேரைச் சண்டை போட வைத்தால் பார்க்கிறவனுக்கு என்ன புரியும்? இது பாதுகாப்பானதா? சாதாரண அப்பா அம்மா யாரை நம்புவது? இதை ஒரு டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?" என்று கையை ஆட்டி ஆட்டிப் பொரிந்து தள்ளிவிட்டேன்.

அன்று மாலை ஒளிபரப்பானது அதில் நடுத்துண்டு மட்டும். "இது பாதுகாப்பானதா? சாதாரண அப்பா அம்மா யாரை நம்புவது?" அவ்வளவுதான். உடனே ஸ்டுடியோவில் ஒரு குழந்தை டாக்டரிடம் போய்விட்டார்கள். வழுக்கைத் தலை, பெரிய கண்ணாடி. அந்த மனிதர் பொறுமையாக, ஊசி போட்டால் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், தடிப்பு வரும், பெரிய ஒவ்வாமை எப்போதாவதுதான் வரும், நோய் வந்தால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் சொன்னார். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் குறையே இல்லை. என் கேள்வி, அவர் பதில். நியாயமான வெட்டு.

குறை சொன்னது என் மனைவி சுதாதான். "டிவில வரும்போது அந்தப் பிஞ்ச ஸ்வெட்டரையா போட்டுட்டுப் போவீங்க?" என்றாள். யாழினி மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, யூ லுக் சோ ஆங்க்ரி. அந்த லேடி பாவம்" என்றாள்.

பெருமை இல்லாமல் இருக்குமா? மொத்த வீடியோவையும் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

2

அப்பா ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். அம்மா போய் நாலு வருடம் ஆகிறது. சேலையூர் வீட்டில் தனியாக இருக்கிறார். எப்போதும் நான்தான் கூப்பிட வேண்டும். அன்றைக்கு அவரே கூப்பிட்டார். "பாத்துட்டேன்டா" என்றார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஃபோனை வாங்கி, "தம்பி, அப்பாக்கு தலைகால் புரியல. காலைலேர்ந்து எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிட்டாரு" என்றார்.

அடுத்து ஸ்டீபன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் மொபைல் கடை வைத்திருக்கிறான்.

"இன்னா மச்சான், டிவில கீற! ஒரு வார்த்த சொன்னியா? உங்கப்பா வந்து சொல்லித்தான் தெரியுது. கடைல பெரிய டிவில ஓட வுட்டுகினு கீறேன். வர்றவன் போறவன்லாம் நின்னு பாத்துகினு போறான்."

"டேய், கடையில ஏண்டா?"

"சும்மா இரு மச்சான். உங்கப்பாக்கு வீடியோவ சோக்கா ரெடி பண்ணிக் குட்த்துட்டேன். இனிமே யாருக்கு வேணா அனுப்பலாம்."

ஏதோ சத்தத்தைக் கூட்டிக் கொடுத்திருப்பான் என்று நினைத்து நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரே வாரத்தில் அது எங்கெங்கோ போய்விட்டது. காலனி வாட்ஸப் குழுவில் யாரோ தலைப்பு போட்டிருந்தார்கள்: "தடுப்பூசி பாதுகாப்பானதா? லண்டனில் வெள்ளைக்காரியை நிறுத்திக் கேள்வி கேட்ட தாம்பரம் தமிழன்!" அவள்தான் என்னை நிறுத்தினாள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? அதற்கும் அடுத்த வாரம் ஏதோ ஒரு யூடியூப் சேனலில், என் வாய் பாதி திறந்திருந்த நேரமாகப் பார்த்துப் படத்தை நிறுத்தி, சிவப்பு அம்புக்குறி போட்டு, சோகமாக வயலின் வாசித்திருந்தார்கள். "பதில் சொல்ல முடியாமல் திணறிய வெளிநாட்டு ஊடகம்!" சுதா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் சொந்தபந்தங்களில் யாரும் இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள், நம் பையன் டிவியில் வந்தான், அதுதான் செய்தி என்று நினைத்துக்கொண்டேன். பெரும்பாலானவர்கள் விஷயத்தில் அது சரிதான்.

3

இந்த ஊசி விவகாரம் எனக்கு எப்போதுமே தாம்பரம் ஸ்டேஷனைத்தான் நினைவுபடுத்தும். போலியோ சொட்டு மருந்து போடும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகக் கூவிப் போவார்கள். ஸ்டேஷன் வாசலில் ஷாமியானா போட்டு, ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். என் தங்கை மாலதி எனக்குப் பத்து வயது இளையவள். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. ஒரு தடவை சொட்டு மருந்து போட்டதும் இவள் வாயை மூடவே இல்லை. இன்னொன்று வேண்டுமாம். கிடையாது என்றதும் ஸ்டேஷனே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். பீச் லோக்கல் ரயிலுக்குப் போகிறவர்களெல்லாம் நான் ஏதோ அவளைக் கிள்ளிவிட்டேன் என்று என்னை முறைத்தார்கள்.

அப்போது யாரும் எங்களிடம் கருத்து கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா என்பது வேறு விஷயம். கேட்கலாம், தப்பில்லை. பெற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் உட்கார வைத்துப் பதில் சொல்ல ஆள் வேண்டும்தான். ஆனால் கேள்வியை மட்டும் தெருவில் விட்டுவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போவது என்ன பழக்கம்?

இங்கே வந்த புதிதில் யாழினிக்கு மூன்று வயது. குடும்ப டாக்டரிடம் பதிவு செய்யப் போனோம். வரவேற்பில் இருந்த அம்மாள் இவள் இந்தியாவில் என்னென்ன ஊசி போட்டுக்கொண்டாள் என்று கேட்டார். தமிழில் எழுதியிருந்த அட்டையைக் காட்டினேன். தலைகீழாகப் பார்த்தார், நேராகப் பார்த்தார், உள்ளே போனார், வந்தார். மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார். மொழிபெயர்ப்பாளருக்கு விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அதற்குப் பதிவு எண் வேண்டுமாம். பதிவு எண்ணுக்கு இந்த அட்டை வேண்டுமாம். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் பொறுமை இழந்து, "ப்ளீஸ், புட் இஞ்செக்ஷன் டு மை டாட்டர்" என்று கெஞ்சினேன். நம்மூரில் ஊசியைப் போடுகிறோம், அதனால் அப்படியே வந்துவிட்டது. அந்த அம்மாள் சிரிக்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார் என்பதை யாழினி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். அவள் ஆங்கிலம் இப்போது இந்த ஊர்க்காரியுடையது. தமிழ்தான் என் ஆங்கிலம் மாதிரி ஆகிவிட்டது. மாலதியோடு பேசச் சொன்னால், "ஹாய் அத்தை, சாப்டீங்களா?" என்பாள். அத்தை சாப்பிட்டேன் என்பாள். அதோடு தீர்ந்தது. ஃபோன் என் கைக்கு வந்துவிடும்.

4

மாலதி இப்போது மாடம்பாக்கத்தில் இருக்கிறாள். கணவன் பிரபுவுக்கு ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. படப்பை வழியாகக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவன். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை இனியா. அவள் தும்மினால் வீட்டில் ஃபேனை நிறுத்திவிடுவார்கள். அப்படி ஒரு வீடு.

டிசம்பரில் நாங்கள் ஊருக்கு வரும்போது இனியாவுக்குக் காது குத்துவதாகப் பேச்சு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அதைப் பற்றிப் பேசத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன்.

"தேதி பாத்தாச்சுண்ணா. உன் மடி ஃப்ரீயா இருக்கா? பெரிய ஆளாயிட்ட, அப்பாயிண்ட்மென்ட் வாங்கணுமே" என்று கேலி செய்தாள்.

"அடி வாங்குவ. அது கெடக்கட்டும், ஒன்பதாம் மாச தட்டம்மை ஊசி போட்டாச்சா? ரொம்ப அழுதாளா?"

"இல்லண்ணா, போடல. இப்போதைக்குக் காதுல குத்தற அந்த ஒரு குத்தே போதும்னு இருக்கோம்."

"ஏன், சளி பிடிச்சிருக்கா?"

"அதெல்லாம் இல்ல. ஹெல்த் சென்டர் சிஸ்டர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டாங்க. அப்புறமா வரேன்னு சொல்லிட்டேன்." பிறகு என்னையே திருப்பிக் கேட்டாள். "என்னண்ணா ஒண்ணுமே தெரியாத மாதிரி கேக்கற? நீதானே சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"டிவில."

"அடிப்பாவி, அதுல நான் கேள்விதாண்டி கேட்டேன்!"

"ஆமா. நீ கேட்டதும் அப்படியே நின்னுபோச்சு. அவங்களால பதில் சொல்ல முடியல. அவ்ளோ பெரிய ஊர் டிவி, அவங்களுக்கே பதில் தெரியலன்னா நான் எந்த தைரியத்துல போடறது?"

"பதில் சொன்னாங்களே! டாக்டர் ஒருத்தர் அவ்வளவு நேரம் சொன்னாரே!"

"எந்த டாக்டர்?"

அவள் விளையாடவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். நான் கத்தினேன். பிறந்து ஒன்பது மாதமான குழந்தைக்குக் காதில் ஓட்டை போடப் பயமில்லை, உயிரைக் காப்பாற்றுகிற ஊசிக்குப் பயமா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணா, நீ டிவில பேசினத நம்பறதா, ஃபோன்ல பேசறத நம்பறதா? டிவில பேசினப்ப மனசுல இருந்தத சொல்லிட்ட. இப்போ ஏதோ பிரச்சினை ஆயிடும்னு மாத்திப் பேசற. ஆஃபீஸ்ல ஏதாவது சொன்னாங்களா?"

என் தங்கைக்கு என்னைவிட டிவியில் வந்த நான் பெரிய ஆள்!

5

ஸ்டீபனைக் கூப்பிட்டேன்.

"உங்கப்பாதான் மச்சான் சொன்னாரு. 'என் புள்ள வர்றது கொஞ்சூண்டு, அந்த வழுக்கத் தல பாட்டுக்குப் பேசிகினே கீறான், அத எடுத்துட்டு புள்ளய மட்டும் வெய்யி'ன்னாரு. பெர்சு ஆசயா கேக்குது, நா இன்னா பண்றது? இன்னாடா, ஏதாச்சும் பேஜாரா?"

ஸ்டீபன்மேல் கோபப்பட என்ன இருக்கிறது? அப்பாவைக் கூப்பிட்டேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். மாலதி ஊசியைத் தள்ளிப்போட்டது அவருக்குத் தெரியாது. சொன்னேன்.

"தினமும் காபி குடிக்கும்போது ஒரு தடவை போட்டுப் பாப்பேன்டா" என்றார் மெதுவாக. "நீ வந்ததும் அந்த டாக்டர் வந்துடறார். திரும்ப உன்ன பாக்கணும்னா தள்ளிவிடணும். எனக்குத் தள்ளத் தெரியல, எங்கயோ போயிடுது. அதான் ஸ்டீபன்கிட்ட சொல்லி, உன்ன மட்டும் திரும்பத் திரும்ப வர மாதிரி…"

இந்த மனிதரை எப்படித் திட்டுவது? அவர் வெட்டியது விவாதத்தை இல்லை, தடுப்பூசியை இல்லை. பிள்ளைக்கும் தனக்கும் நடுவில் வந்து நின்ற ஒரு வழுக்கைத் தலையை. பெரிய சேனல்காரர்கள் ஆள் சேர்க்க வெட்டுகிறார்கள். எங்கள் அப்பா ஆசையில் வெட்டினார். இரண்டிலும் காணாமல் போனது பதில்தான்.

அன்றைக்கே மொத்த வீடியோவையும் எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினார். "தயவுசெய்து முழுவதும் பார்க்கவும்" என்று எழுதியிருந்தார். இரண்டே இரண்டு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். ஒருவர், "சார், இது பழைய வீடியோ, ஏற்கெனவே பார்த்தாச்சு" என்று பதில் போட்டார். காலையில் நடைப்பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, டாக்டர் இப்படிச் சொன்னார், அப்படிச் சொன்னார் என்று விளக்கியிருக்கிறார். "அத விடுங்க சார், பையன் டிவில வந்தான் இல்ல, அதான் பெருசு" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார்களாம். எனக்கு அப்பாவை நினைத்தால் பாவமாக இருந்தது.

6

அந்த வாரமே மாலதி தெருவில், நாலு வீடு தள்ளி ஒரு கேட்டில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். அந்த வீட்டுக் குழந்தைக்கு அம்மை. சின்னம்மையா, தட்டம்மையா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. வேப்பிலை பார்த்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது, அவ்வளவுதான். மாலதி ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு இனியாவை மடியைவிட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்று அப்பா சொன்னார். எனக்கு இங்கே பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிற வேலை. அன்றைக்கு நான் போட்ட அட்டவணையில் ஒரே டிரைவர் ஒரே நேரத்தில் இரண்டு பஸ் ஓட்டினார்.

மாலதியும் பிரபுவும் முழு வீடியோவையும் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். முதலில் பிரபு பேசினான்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. டாக்டர் சொல்றது சரி. ஆனா அங்க தினம் டிபேட் நடக்குதுல்ல? விஷயம் இல்லாமயா டிபேட் வெப்பாங்க?"

"பிரபு, நம்ம ஊர் டிவியில நேத்து எத பத்தி டிபேட்?"

யோசித்தான். "ஒரு நடிகையோட விவாகரத்து பத்தி மச்சான். நாலு பேர் வந்தாங்க."

"அதுல நமக்கு என்ன விஷயம் இருந்துச்சு?"

சிரித்துவிட்டான். சிரித்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். மாலதி ஃபோனை வாங்கினாள். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணா, டாக்டர் சொன்னதெல்லாம் புரிஞ்சுது. நீ ஒண்ணு மட்டும் சொல்லு. யாழினிக்குப் போடும்போது உனக்குப் பயமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. "இருந்துச்சு மாலு. ஒவ்வொரு தடவையும். ரூமுக்கு வெளிய போய் நின்னுட்டேன், சுதாதான் பிடிச்சுகிட்டா. பயந்துட்டேதான் போட்டோம். நோய் வந்துட்டா அதைவிடப் பயம்."

அவள் குரல் உடைந்துவிட்டது.

"உனக்கு சுதா அண்ணி இருந்தாங்க. இங்க இவர் செகண்ட் ஷிஃப்ட் போயிடுவாரு. அம்மா இருந்தா பரவால்ல. ஜுரம் வந்தா நான் ஒருத்தியா என்ன பண்ணுவேன்? நீ அங்கேர்ந்து ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவ. தூக்கிட்டு ஓடறது நான்தானே?"

இத்தனை நாளும் நான் தடுப்பூசியைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தேன். அவள் பேசியது அதைப் பற்றியே இல்லை. எட்டு வருடமாக எல்லாவற்றுக்கும் இங்கிருந்து யோசனை சொல்லி வந்திருக்கிறேன். அம்மாவுக்கு எந்த ஆஸ்பத்திரி, அப்பாவுக்கு எந்த மாத்திரை, தண்ணீர்த் தொட்டிக்கு எந்த மோட்டார். யோசனையில் எனக்கு ஈடு கிடையாது!

"அப்பாவை வரச் சொல்றேனே?"

"அப்பாவா? பாப்பா அழறதுக்கு முன்னாடி அவர் அழுதுடுவாரு. அவர நான் பாத்துக்கணும். பாப்பாவ யார் பாக்கறது?"

"நான் இருக்கேன்" என்றேன்.

"எங்க இருக்க?"

"ஃபோன்ல. நீ ஊசி போட்டுட்டு வீட்டுக்கு வந்ததுலேர்ந்து வீடியோ போட்டு வை. நான் வைக்க மாட்டேன்."

"லூசு" என்றாள். ஆனால் வைக்கும்போது, "புதன்கிழமைதான் ஊசி போடுவாங்க. உனக்கு ஆஃபீஸ் இருக்குமே?" என்று கேட்டாள்.

7

லீவு கேட்டால் காரணம் கேட்கிற கணினி இங்கே. குடும்பத்தில் நோய் என்று அழுத்தினால், யாருக்கு என்று கேட்டது. மகன், மகள், கணவன், மனைவி, பெற்றோர் எல்லாம் இருந்தார்கள். தங்கை மகளுக்கு அதில் இடமே இல்லை. மேலாளரிடம் நேரே போனேன். நல்ல மனிதர்தான். "இந்தியாவுக்குப் போகிறாயா?" என்று கவலையாகக் கேட்டார். "இல்லை, வீட்டுக்குப் போய் உட்காரப் போகிறேன்" என்றேன். "குழந்தைக்கு உடம்புக்கு என்ன?" என்றார். "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, போகச் சொல்லிவிட்டார்.

அந்தப் புதன்கிழமை சுகாதார நிலையத்தில் மாலதி தன் கேள்விகளையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறாள். சிஸ்டர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்களாம். ஜுரம் அன்றைக்கே வரலாம், ஒரு வாரம் கழித்தும் வரலாம், எவ்வளவு மருந்து கொடுக்க வேண்டும், எதைப் பார்த்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லி, அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அப்பா கூடப் போயிருந்தார். ஊசி போட்டபோது அவர்தான் "ஐயோ" என்று கத்தினாராம், வரிசையில் இருந்த தாய்மார்களெல்லாம் சிரித்துவிட்டார்கள்.

அவர்களுக்குப் பிற்பகல், எனக்குக் காலை. மாலதி ஃபோனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்தாள். முதலில் ஏதேதோ பேசினோம். பேச்சு தீர்ந்துபோயிற்று. வழக்கமாக அந்த இடத்தில் "சரி, வெச்சுடட்டுமா?" என்போம். இன்று வைக்க முடியாது. அவள் எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினாள். நான் என் மேசையில் தேநீர் குடித்தேன். அங்கே குக்கர் மூன்று விசில் விட்டது. கறிவேப்பிலைக்காரர் தெருவில் கூவினார். அப்பா நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். நான் எட்டு வருடத்தில் பார்க்காத என் தங்கை வீட்டுப் பிற்பகலை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாழினிக்குப் பள்ளி விடுமுறை. இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். "அப்பா, அவங்க வீட்ல சிசிடிவி வெச்ச மாதிரி இருக்கு. இஸ் இட் ஓகே?" என்றாள்.

"சிசிடிவி இல்லடி. நாம அங்க உக்காந்திருக்கோம்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் தன் படம் வரையும் சாமான்களோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனியா தவழ்ந்து வந்து திரைக்குள் யாழினியின் மூக்கைத் தொட்டாள். ஃபோன் தடாலென்று விழுந்தது. எங்களுக்கு விட்டத்து ஃபேன் மட்டும் தெரிந்தது. "அத்தை, பாப்பா எங்கள கீழ தள்ளிட்டா!" என்று யாழினி கத்தினாள். சாப்டீங்களாவுக்கு அடுத்த வாக்கியம் அது.

அங்கே விளக்கு வைக்கும் நேரத்தில் ஜுரம் வந்தது. பெரிய ஜுரமில்லை. ஆனால் மாலதியின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, சுடுது" என்றாள். "சுடும்னு சொன்னாங்களே. எவ்வளவுன்னு பாரு" என்றேன். பார்த்தாள். சிஸ்டர் சொன்ன அளவில் மருந்து கொடுத்தாள். அப்பா எழுந்து ஓரமாக நின்று வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். மாலதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்தாள். வரும்போதெல்லாம் ஃபோனைப் பார்த்தாள். நான் இருக்கிறேனா என்று பார்த்தாள். இருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு யோசனையும் சொல்லவில்லை. என் கால்தான் மேசைக்கடியில் அவளோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தது.

அங்கே இரவு எட்டரை மணிக்கு இனியாவுக்கு நெற்றி வியர்த்தது. ஜுரம் இறங்கிவிட்டது. மாலதி அவளைத் தூளியில் போட்டுவிட்டு வந்து, ஃபோனை அரிசி டப்பாமேலிருந்து எடுத்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். தலை கலைந்திருந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தூங்கிட்டாண்ணா. நீ போய் ஏதாவது சாப்பிடு. காலைலேர்ந்து டீயே குடிச்சிட்டிருக்க, பாத்துட்டுதான் இருந்தேன்."

"சரி" என்றேன். வைக்க மனசில்லை. அவளும் வைக்கவில்லை.

"நீ டிவில வந்தப்ப ஊரே பாத்துது" என்றாள். "வீட்டுக்கு நீ வந்தது இன்னிக்குத்தாண்ணா."